மூன்றாம் வாசிப்புக்காக நின்ற ஆறு

வெர்லா ப்ரிட்சர்ட் மேயராகி நூறாம் நாள், ஏப்ரல் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, வடக்கே பெய்து கிடந்த பனியெல்லாம் ஒரே வாரத்தில் உருகி டாஸ்கா ஆற்றில் இறங்கி, ஆறு கரையைத் தாண்டி மில் தெருவின் கடைசி வீட்டு வாசற்படியைத் தொட வந்தபோது, அந்த அம்மாள் வலது கையை உயர்த்தி நில் என்றார், ஆறும் நின்றது. இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. அவருக்கு இரண்டடி பின்னால் அஜெண்டா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

என் பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி. கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அதே வேலை அயோவாவில் கிடைக்க, அவர் பின்னாலேயே கெல்லர்ஸ் பெண்ட் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தவள். மொத்தம் நாலாயிரம் பேர். நம் பக்கம் அதை ஒரு டவுன் பஞ்சாயத்தாக நினைக்கக்கூட யோசிப்பார்கள். அங்கே அது சிட்டி, அதற்கு ஒரு மேயர், ஐந்து கவுன்சிலர்கள், ஒரு கிளார்க். அந்தக் கிளார்க் நான்தான். அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான் என்றாலும் எனக்குள் அது என் ஊர்த் தமிழாகவே வந்து விழுந்ததால், அப்படியே எழுதுகிறேன். வெர்லா என்னை 'ஹனி' என்று கூப்பிடுவார், என் காதுக்கு அது 'தாயி' என்றுதான் கேட்கும். ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எனக்கு மட்டும் நாக்கு வரவில்லை, மேயரம்மா என்றே கடைசி வரை கூப்பிட்டேன்.

மேயராவதற்கு முன்னால் அவர் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். எந்த வீட்டுப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஏறுகிறது, எந்த வீட்டு வாசலில் நாய் அவிழ்ந்து கிடக்கும், எந்த அப்பா வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. அந்த வருடம் மேயர் பதவிக்கு ஒருவர்கூட மனு போடவில்லை. அப்படி ஆனால் வாக்குச்சீட்டில் காலியாக விட்டிருக்கும் கோட்டில் இஷ்டப்பட்ட பெயரை எழுதலாம் என்பது அந்த நாட்டு வழக்கம். அறுநூற்றுப் பதினோரு பேர், ஒருவருக்கொருவர் பேசி வைக்காமலே, வெர்லா பெயரை எழுதியிருந்தார்கள். செய்தி போனபோது அவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது, நேரத்துக்கு வருவேன், அது ஒண்ணுதான் தெரியும்" என்று அடியிலிருந்தே சொன்னார்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் அவர் பேசியதும் பெரிய பேச்சில்லை.

"இந்தா பாரு, இந்த ஊருக்குள்ள எது வரணும்னாலும் தீர்மானம் போடணும். தீர்மானம்னா மூணு கூட்டத்துல மூணு தடவை வாசிக்கணும். எம் பொறந்தநாளுக்கு ஊர்வலம் விடணும்னாலும் அதான் சட்டம், உனக்கும் அதான் சட்டம். இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு முதல் வாசிப்பு. மூணாவது முடியுற வரைக்கும் வரிசையில நில்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "பொருள் எண் ஒம்பதுன்னு எழுதிக்கோ தாயி" என்றார்.

எழுதிக்கொண்டேன். வெள்ளம் அப்படியே எழும்பி, தானியக் கிடங்கிலிருந்து லூதரன் சர்ச்சின் கார் நிறுத்துமிடம் வரைக்கும், மூன்று மாடி உயரத்துக்கு, பழுப்பும் பச்சையுமாகச் செங்குத்தாக நின்றது. ஆற்றின் மிச்சத் தண்ணீர் அதன் பாட்டுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு மனுஷர் வரிசையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன், மனுஷருக்காகத் தண்ணீர் வரிசையில் நின்றதை முதல் முதலாக அங்கேதான் பார்த்தேன்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா? அந்த ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பவரை மதிப்பவர்கள், தன் முறைக்குக் காத்திருப்பது நாயாக இருந்தாலும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், ஆற்றுக்கும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டாம் வாசிப்பு முடிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஒன்பதாம் பொருள் வந்ததும் மேயரம்மா, "மூணாம் வாசிப்பை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்" என்றார். வழிமொழிய ஆள் வேண்டும். ஹார்டுவேர் கடை கோர்டன் ட்வெட், மேயரம்மா கிழக்கு என்றால் மேற்கு என்று மட்டுமே சொல்லிப் பழகிய கவுன்சிலர், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே "வழிமொழிறேன்" என்றார். மரச்சுத்தி ஒரு தட்டு. ஆறு இன்னும் இரண்டு வாரம் நின்றது. மாதத்துக்கு இரண்டு கூட்டம், வருடத்துக்கு இருபத்துநாலு, ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த அம்மாள் அதே வாக்கியத்தைச் சொல்ல, அந்த மனிதர் அதே மோட்டுவளையைப் பார்க்க, சுத்தி விழ, நான் எழுத, பன்னிரண்டு வருடம் ஆறு நின்றது.

நின்ற ஆற்றோடு வாழப் பழகினார்கள். மத்தியானத்துக்கு மேல் வெயில் தண்ணீர் வழியாகப் பாய்ந்து மில் தெருவே பச்சையாகிவிடும், அந்த நேரத்தில் முடிவெட்டிக்கொண்டால் நரை தெரியாது என்று சலூனில் கூட்டம் சேரும். துணி மட்டும் காயவே காயாது. தூண்டிலை நேராக நீட்டிச் சொருகி மீன் பிடித்தார்கள், ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று நாங்களே ஒரு சட்டம் போட்டோம். பேஸ்பால் மைதானத்தில் அடித்த பந்து ஆற்றுக்குள் புகுந்து ஒரு கெளுத்தியை இடித்துவிட்டுத் திரும்பி வந்தால் இரண்டு 'பேஸ்' ஓடலாம் என்று விதி எழுதினார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று இது வெள்ளமா, வெள்ளம் இல்லையா, தயவுசெய்து தெளிவுபடுத்தவும் என்று ஏழு கடிதம் போட்டது. மாநிலத் தலைநகரிலிருந்து நாலு இன்ஜினியர்கள் வந்து அளந்து, தொட்டுப் பார்த்து, ஒருவர் நக்கியும் பார்த்து, "கண்காணிப்பில் உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பன்னிரண்டு வருடமும் நின்ற ஆற்றை மறக்காத ஒரே ஆள் மேயரம்மா. பள்ளத் தெருக்களில் நூற்றெண்பத்தேழு வீடுகள் இருந்தன. ஆறு என்றைக்காவது வரும், வரும்போது அந்த வீடுகளில் ஒரு உயிரும் இருக்கக் கூடாது, அதுதான் அவருடைய முழு அரசியலும். மேட்டில் சோளக்காடாகக் கிடந்த நிலத்தை நகரத்துக்கு வாங்கி மனை போட்டார். அந்தப் பக்கம் வீடெல்லாம் மரத்தால் கட்டியது, கடப்பாரையும் ஜாக்கியும் போட்டு அஸ்திவாரத்திலிருந்து அப்படியே தூக்கி, இரும்பு உத்திரத்தில் வைத்து, சக்கரம் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். முதலில் போனது அவர் வீடு. சமையல்கட்டு மேஜையில் ஒரு கோப்பை காபியை விளிம்பு வரை ஊற்றி வைத்துவிட்டு, லாரியை அவரே ஓட்டிக்கொண்டு மேடேறி, கூட்டத்தை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மேஜையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இருபத்தாறு வருடம் பிள்ளைகளை ஏற்றிப் பழகிய கை.

பிறகு வீடு வீடாகப் போனார். யாரையும் "நீங்க போயே ஆகணும்" என்று சொன்னதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், பேரப்பிள்ளைகள் பற்றிக் கேட்பார், கிளம்பும்போது "மேட்டுல உங்களுக்குக் கிழக்கு பாத்த மனை ஒண்ணு வச்சிருக்கேன்" என்பார். மூன்று தரம், நாலு தரம், சில வீட்டுக்கு முப்பது தரம். என்ன கறி போட்டாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு அவருக்கு உடம்பே கெட்டது. சம்மதித்த வீடு நகரும் நாளில் ஊரே பின்னால் நடக்கும். மின்கம்பிகளைக் கழியால் உயர்த்திப் பிடிக்க, முன்னால் அவர் இரண்டு கையையும் காட்டி லாரிக்கு வழி சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடக்க, உள்ளே வீட்டுக்காரி சன்னல் வழியாகக் கையசைக்க, எனக்கு எங்கள் ஊரில் செண்பகவல்லி அம்மன் தேர் திரும்புவது போலவே இருக்கும், கும்பிட்டுக்கொள்வேன். அப்படி நூற்றறுபது தேர் மேடேறியது.

மிச்சம் இருபத்தேழு. அதில் பெரியது கோர்டனுடைய செங்கல் வீடு.

அதற்குள் ஊருக்கு ஆற்றின் மேல் பயம் போய்விட்டது. படுத்த ஆற்றைப் பார்த்தேயிராத பிள்ளைகள் மீசை முளைத்துத் திரிந்தார்கள். ஆற்றைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், பச்சை வெளிச்சத்தில் ஐஸ்க்ரீம் தின்றார்கள். நாலாவது தேர்தலில் கோர்டன் எதிர்த்து நின்றார். "ஆறு நிக்குது, நிக்கட்டுமே. இந்தம்மா இன்னும் எத்தன வீட்டப் பிடுங்கணும்?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்தார். நாற்பத்துமூன்று ஓட்டில் மேயரம்மா தோற்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலாயிரம் பேரையும் உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போல் இருந்தது. அவரோ மரச்சுத்தியைத் துடைத்துக் கோர்டன் கையில் கொடுத்தார்.

"ஒம்பதாம் நம்பர மட்டும் ஒவ்வொரு தடவையும் கையால எடுத்து ஒத்திவை, கோர்டன். அது ஒண்ணுதான் கேட்டுக்கிடுதேன்."

"எனக்குத் தெரியாதா வெர்லா? பன்னெண்டு வருசமா வழிமொழிஞ்சவன் நான்தான" என்றார் கோர்டன். ஒரு வருடம் அப்படியே செய்யவும் செய்தார்.

இனிமேல் என் கதை வருகிறது. கோர்டனுக்குக் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக் கவுன்சில்களில் ஒரு வசதி உண்டு, ஒப்புதல் பட்டியல் என்று பெயர். போன கூட்டத்துக் குறிப்பு, மதுக்கடை உரிமம், ஊர்வல அனுமதி, யாரும் விவாதிக்காத சில்லறை விஷயங்களையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டு, ஒரே ஓட்டில், வாசித்ததாகவே வைத்துக்கொண்டு நிறைவேற்றிவிடலாம். பட்டியல் போடுவது கிளார்க் வேலை. ஒரே வாக்கியத்தை முந்நூறு தடவை எழுதிய கைக்கு அது சில்லறை விஷயமாகத் தெரிந்துவிட்டது. இரண்டாம் வருடம் ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பொருள் எண் ஒன்பதை, ஜூலை நாலு வாணவேடிக்கை அனுமதிக்கும் நாய் லைசென்ஸுக்கும் நடுவில், நானே தூக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை ஏழு மணி நாலு நிமிடத்துக்கு கோர்டன், "பட்டியல் நிறைவேற்றம், ஆதரிக்கிறவங்க?" என்றார். ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள். கோர்டன் கையெழுத்துப் போட்டு, சுத்தியைத் தட்டினார். சன்னலுக்கு வெளியே, ஆற்றுக்குள் இருந்த மீன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி ஊரைப் பார்த்தன.

"செண்பகம்," என்றார் கோர்டன், தாளைப் புரட்டிக்கொண்டே, "ஒம்பது எங்க?"

"பட்டியல்ல இருக்கு" என்றேன். "நான்தான் வச்சேன்." ஒத்திவைக்க வேண்டிய மூன்றாம் வாசிப்பு முடிந்ததாகிவிட்டது, ஆறு ஊருக்குள் வரலாம் என்பது இனி சட்டம்.

மறுநாள் சாயங்காலம் அவசரக் கூட்டம். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். தீர்மானத்தை ரத்து செய்ய கோர்டன் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். மேயரம்மா எழுந்து மைக்குக்கு வந்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயரையும் விலாசத்தையும் விதிப்படி சொன்னார்: "வெர்லா ப்ரிட்சர்ட், நாப்பத்திரெண்டு, மேட்டுத் தெரு."

"ரத்து பண்ணாத கோர்டன். பதிமூணு வருசம் அந்த ஆறு நம்ம சட்டத்த மதிச்சு நின்னுச்சு. நாம சொன்னதுக்கு மேல ஒரு அங்குலம் வரல. இப்பம் நாமளே போட்ட சட்டத்த நாமளே இல்லன்னு சொன்னா, அது எதுக்கு நம்மள நம்பணும்? இந்தச் சன்னல் வழியாவே வந்துரும். சட்டம் பத்திரிகையில வந்து முப்பதாம் நாள்தான் அமலுக்கு வரும். முப்பது நாள் இருக்கு, இருபத்தேழு வீடு இருக்கு. பேசிக்கிட்டிருந்தா எனக்கு ரெண்டு நிமிசம் வீணாப் போகுது."

நான் எழுந்து வேலையை விட்டு விலகுகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் மைக்கை விட்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார்.

"வெலகி என்ன பண்ணப்போற? வீட்டுல உக்காந்து அழுவ. எனக்கு இருபத்தேழு வீட்டுக்கும் ரோடு அடைக்க அனுமதி எழுதணும், மின்சாரக் கம்பெனிக்குக் கடுதாசி எழுதணும், இந்த ஊருல உன்னவிட வேகமா எழுத ஆள் இல்ல. பேனா இருக்கா தாயி?"

பேனா இருந்தது.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது, அன்றிலிருந்து கணக்கு. மூன்று மாவட்டத்திலிருந்து வீடு நகர்த்துகிறவர்கள் வந்தார்கள். மேயர் கோர்டன்தான். ஆனால் விடிந்ததும் எழுபத்தோரு வயது வெர்லாவின் வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றி, "இன்னைக்கு எது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் அலுவலகம் போவார். முப்பது தரம் போயும் மசியாத வீடுகளில் வெர்லா ஒரே வார்த்தை சொன்னார், வாங்க. வந்தார்கள். மழை பெய்த ஒரு நாளில் சக்கரம் சேற்றில் புதைந்தபோது, அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். அவர் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, கால் வீங்கி, செருப்பில் நுழையாமல், தன் வீட்டுக்காரருடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வழிகாட்டினார். இருபத்தொன்பதாம் நாள் இருபத்தாறாவது வீடு மேடேறியது.

கோர்டனுடைய செங்கல் வீடு நின்றது. அதைப் பெயர்க்க அதற்கே ஒரு மாதம் வேண்டும் என்று வீடு நகர்த்துகிறவர்கள் முதல் நாளே கோர்டனிடம் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வீடு போகட்டும் என்று கோர்டன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள், நடுப்பகலில் சட்டம் அமலுக்கு வர வேண்டும். ஊர் முழுவதும் மேட்டில் நின்றது. பதினொன்றே முக்காலுக்கு நான் தலைகளை எண்ணிப் பார்த்து, மேயர் இல்லை என்றேன். வெர்லா அந்தப் பெரிய பூட்ஸோடு பள்ளத்தில் இறங்கினார், பின்னாலேயே நான் ஓடினேன். கோர்டன் சமையலறையில் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். சன்னல் நிறையப் பச்சை வெளிச்சம்.

"நான் கையெழுத்துப் போட்டது வெர்லா. இந்த வீட்டுல ஒரு ஆள் இருந்தாகணும்னா அது நானா இருந்துட்டுப் போறேன். நீ போ."

"எந்திரி. ஆறு வரும்போது மேயர் முன்னால நிக்கணும்."

"மேயர் நீதான். ஊருக்கே தெரியும்."

"நாப்பத்திமூணு ஓட்டு நீதான்னு சொல்லுது" என்றார் வெர்லா. "ஓட்டுக்கு மரியாதை குடு கோர்டன். எனக்கு நீ ஒரு நாளும் குடுத்ததில்ல, அது கெடக்கட்டும்."

கோர்டன் அழுதார். அப்புறம் எழுந்தார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பழக்கத்தில் பார்த்தார், கதவைப் பூட்டப் போய், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும், கோர்டன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, வெர்லாவை நடுவில் வைத்து மேடேறினோம். எங்கள் பின்னால் சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது.

ஆறு வந்தது. பாய்ந்து வரவில்லை. மேல் விளிம்பு முதலில் குனிந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு, மில் தெருவில் மெல்ல இறங்கி, ஒவ்வொரு காலி மனையிலும் நின்று உள்ளே பார்த்து, யாருமில்லை என்று தெரிந்து அடுத்ததற்குப் போனது. கோர்டனுடைய வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு புகுந்து, சன்னல்களைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. நூற்றெண்பத்தேழு மனையும் நனைந்தன. மேட்டின் அடியில், நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே, அது ஓய்ந்தது.

ஊர் கை தட்டும் என்று நினைத்தேன். யாரும் தட்டவில்லை. கோர்டன் மேயராக முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். வெர்லா என் தோளைப் பிடித்துக் குனிந்து, வீங்கிய கால்களிலிருந்து பூட்ஸை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் கணுக்கால் வரை இறங்கினார். பள்ளிக்கூட பஸ்ஸில் தூங்கிப்போன பிள்ளையிடம் பேசுகிற குரலில் அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கோர்டனுக்கும் மட்டும்தான் கேட்டது.

"பதிமூணு வருசம் நிக்க வச்சிட்டேன். ரொம்பக் கால் வலிச்சிருக்கும் உனக்கு. மன்னிச்சிரு. இனி படுத்துக்கோ."

ஆறு படுத்துக்கொண்டது.